முகம் காட்டினால்தான் சத்துமாவா?

2025 ஜூலை 1 முதல் இந்த நாட்டில் அங்கன்வாடியில் ஒரு பாக்கெட் சத்துமாவு வாங்க வேண்டுமென்றால், குழந்தையின் தாய் செல்போன் கேமரா முன்னால் நின்று கண் சிமிட்ட வேண்டும். ‘போஷன் டிராக்கர்’ என்கிற ஒன்றிய அரசின் செயலி அந்த முகத்தை ஆதாரில் இருக்கும் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ‘இவள்தான்’ என்று ஒப்புக்கொண்டால்தான் மாவு கொடுத்ததாகக் கணக்கில் ஏறும். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் தருகிற மாவு அது. கோதுமை, கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் சேர்த்து அரைத்தது. தங்கக் கட்டி இல்லை.

‘குழந்தைகளின் ஊட்டச்சத்துக்கு டிஜிட்டல் புரட்சி’ என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தோழர்களே, நாம் தொழில்நுட்பத்துக்குப் பகையாளிகள் அல்ல. வாட்ஸ்அப் இல்லையென்றால் நம் போராட்டங்களில் பாதிக்குக் கூட்டமே சேர்ந்திருக்காது. சேரிக்குள் நடந்த எத்தனையோ வன்கொடுமைகள் வெளியே வந்ததே யாரோ ஒரு பையன் செல்போனில் எடுத்த வீடியோவால்தான். ஆகவே ‘பழையபடி நோட்டில் எழுதுங்கள்’ என்று நாம் கேட்கவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான். இந்தக் கேமரா ஏன் எப்போதும் வாங்குகிறவள் பக்கமே திரும்பியிருக்கிறது? கொடுக்கிறவன் பக்கம் ஏன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை?

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினர். சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதி. காட்டுமன்னார்கோயிலும் திட்டக்குடியும் தனித்தொகுதிகள். குமராட்சி, கீரப்பாளையம், புவனகிரி பக்கம் எந்தச் சேரிக்குப் போனாலும் நடவு நாளில், களையெடுப்பு நாளில் காலையிலேயே பெண்கள் வயலில் இருப்பார்கள். கைப்பிள்ளை ஆயாவிடம் இருக்கும். பால்வாடிக்கு மாவு வாங்கப் போவதும் அந்த ஆயாதான். இதுதான் நம் குடும்பங்கள் நடக்கிற விதம். செயலிக்கு இது தெரியாது. ஆயாவின் முகம் தாயின் முகத்தோடு பொருந்தாது. தாய் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றாலும், ஆதார் எடுத்தபோது கொடுத்த நம்பர் புருஷனுடையதாக இருக்கும். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார், அல்லது கேரளாவில் சித்தாள் வேலையில். ஓடிபி அங்கே போகும். ‘ஏங்க, ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க’ என்று போன் போட்டால் அவர் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருப்பார். அதற்குள் நேரம் முடிந்து நம்பர் செத்துப்போகும். திரும்ப முதலிலிருந்து. சிம் மாற்றியவர்கள், ஆதாரில் பத்து வருஷத்துக்கு முந்தைய படம் இருப்பவர்கள், கொள்ளிடக்கரையில் சிக்னல் கிடைக்காதவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்: ‘அடுத்த வாரம் வாம்மா.’

அப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் நிற்கிற பால்வாடி டீச்சரும் நம்மைப் போன்ற ஒரு பெண்தான். அவரை ஊழியர் என்றுகூட ஒன்றிய அரசு ஒப்புக்கொள்வதில்லை. ‘மதிப்பூதியம்’ பெறும் தொண்டராம். ஒன்றிய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2018-இல் மாதம் 4,500 ரூபாய் ஆனது. அதற்குமேல் மாநிலங்கள் போட்டுக்கொடுக்கின்றன. பணிக்கொடைக்கே இவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2022 ஏப்ரலில்தான் அங்கே தீர்ப்புக் கிடைத்தது. எடை பார்ப்பது, உயரம் அளப்பது, சமைப்பதை மேற்பார்ப்பது, வீடு வீடாகப் போவது, தேர்தல் வேலை, இத்தனைக்கும் மேல் இப்போது முகம் பிடிக்கும் வேலை. தமிழ்நாட்டில் அங்கன்வாடி ஊழியர் சங்கங்கள் இதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தபோது நம் மாணவர் அமைப்புகளில் எத்தனை பேர் கூட நின்றோம் என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளட்டும். தாய்க்கும் டீச்சருக்கும் சண்டை மூட்டிவிட்டு, மேலே உட்கார்ந்திருப்பவன் தப்பித்துக்கொள்வது பழைய தந்திரம்.

சிதம்பரத்தில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது நந்தன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. உள்ளே வர வேண்டுமென்றால் முதலில் தீக்குள் இறங்கி உன்னை நிரூபி என்றார்கள். கருவறைக்கு உரிமையோடு நிற்பவனை யாரும் எதையும் நிரூபிக்கச் சொன்னதில்லை. வெளியே நிற்பவன்தான் நிரூபிக்க வேண்டும். 1916-இல் சகஜானந்தர் இதே ஊரில் நந்தன் பெயரில் கல்விக் கழகம் தொடங்கியபோது, நம் பிள்ளைகளைத் தீயில் இறக்காமல் வகுப்பில் உட்கார வைத்தார். இந்தப் பக்கம் வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. அங்கே சாப்பிட உட்கார்ந்தவரிடம் ‘நீ யார்’ என்று கேட்பதில்லை. பசி வந்திருக்கிறதே, அது போதும். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு துறவிக்குப் புரிந்தது, இன்று டில்லியில் மென்பொருள் எழுதுகிறவர்களுக்குப் புரியவில்லை.

இது பால்வாடியோடு முடிகிற விஷயமும் இல்லை. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டோ எடுத்தால்தான் வருகை என்றார்கள். அதே பெண்தான் அங்கேயும் நின்றாள். ஏழைப் பெண்ணின் முகம் எத்தனை அலுவலகங்களின் கணினிகளில் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அவள் ஒரு தடவையாவது அந்தக் கணினிக்குள் எட்டிப் பார்க்க முடிந்ததா?

‘போலிப் பெயர்களை ஒழிக்கத்தானே இதெல்லாம்?’ என்று நம் வகுப்புத் தோழர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். இல்லாத குழந்தையின் பெயரில் மாவு போயிருக்கலாம். ஆனால் அதை எழுதியது தாயா? எங்கள் சேரியில் எந்தத் தாயும் இல்லாத பிள்ளைக்கு மாவு வாங்கிப் பணக்காரி ஆனதை நாங்கள் பார்த்ததில்லை. திருட்டு எங்கே நடக்கும் என்பது உச்ச நீதிமன்றத்துக்கு இருபது வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. உணவு உரிமை வழக்கில் 2004 அக்டோபர் 7 அன்று, அங்கன்வாடிக்கு உணவு வழங்கும் வேலையை ஒப்பந்ததாரர்களிடம் கொடுக்கக்கூடாது, கிராம சமூகங்களையும் மகளிர் குழுக்களையும் பயன்படுத்துங்கள் என்று உத்தரவிட்டது. பதினான்கு வருஷம் கழித்து, 2018 ஜூலையில், தமிழ்நாட்டுச் சத்துணவுத் திட்டங்களுக்குப் பொருள் வழங்கிவந்த திருச்செங்கோட்டு நிறுவனம் ஒன்றில் வருமான வரித்துறை நாள் கணக்கில் சோதனை போட்டது. அந்தச் சோதனையின் முடிவு என்னவென்று நாம் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. நாம் கேட்பது, கோடிகளில் நடக்கும் அந்த வியாபாரத்துக்கு எந்தச் செயலி வந்தது? லாரி எப்போது கிளம்பியது, எத்தனை மூட்டை ஏறியது, எத்தனை இறங்கியது என்பதை யாராவது கண் சிமிட்டிக் காட்டினார்களா?

சட்டம் யார் பக்கம் இருக்கிறது என்பதையும் மாணவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு கர்ப்பிணிக்கும், பிரசவமாகி ஆறு மாதம் வரை தாய்க்கும் இலவச உணவு என்கிறது. 5-ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை குழந்தைக்கு வயதுக்கேற்ற உணவு என்கிறது. இது சலுகை அல்ல, உரிமை. முகம் பொருந்தினால் என்று அதில் எழுதவில்லை. 2018 செப்டம்பர் 26-ஆம் தேதி ஆதார் தீர்ப்பிலோ, ஆதார் எண் காட்ட முடியவில்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் எந்தத் திட்டத்தின் பயனும் மறுக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதைச் சுற்றிக்கொண்டு போக வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். குழந்தையிடம் ஆதார் கேட்கவில்லையாம், தாயிடம்தான் கேட்கிறார்களாம். ஆறு மாதக் குழந்தை தானாக நடந்து வந்தா மாவு வாங்கப் போகிறது?

செயலியின் இன்னொரு பக்கத்துக்கு வருவோம். கண்காணிப்பு மட்டுமில்லை, அறிவுரையும் தருகிறார்கள். 2016-இல் ஒன்றிய அரசு தொடங்கிய ‘கில்காரி’ திட்டத்தில் கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரா வாரம் போனில் குரல் செய்தி வரும். யோசனை நல்லதுதான். எழுத்துத் தெரியாதவருக்கும் போய்ச் சேரும். ஆனால் போன் யாருடையது? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டிலேயே நூற்றில் 75 பெண்களிடம்தான் சொந்தமாகப் பயன்படுத்தும் போன் இருக்கிறது. இணையத்தை ஒரு தடவையாவது பயன்படுத்திய பெண்கள் பாதிக்கும் குறைவு. இது எல்லாச் சாதிப் பெண்களையும் சேர்த்த கணக்கு. சேரியை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அறிவுரையில் என்ன இருக்கிறது? பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் மசித்த உணவு, எட்டு மாதம் வரை நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை, கூடவே இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால். கஞ்சி கரண்டியிலிருந்து ஒழுகாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணிக் கஞ்சி வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. முட்டை, மீன், பருப்பு, கீரை, ஒரு சொட்டு எண்ணெய் சேருங்கள். இவை அத்தனையும் சரி. இதை நம் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்ல வேண்டியது நம் கடமையும்கூட.

ஆனால் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று சொல்கிறவர், அந்த ஆறு மாதத்துக்குக் கூலி யார் தருவது என்று சொல்ல மறந்துவிடுகிறார். 2017-இல் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்திய சட்டம் கம்பெனிப் பெண்ணுக்கு உண்டு. நாற்று நடுகிறவளுக்கு இல்லை. 2013 சட்டம் 6,000 ரூபாய்க்குக் குறையாத பேறுகால உதவி என்றது. 2017-இல் வந்த ஒன்றிய அரசுத் திட்டம் அதை முதல் பிள்ளைக்கு 5,000 என்று சுருக்கியது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் இருக்கிறது. இந்தியாவில் இது பெரிய தொகைதான், அதை மறைக்கத் தேவையில்லை. அதற்கும் பிக்மி எண், வங்கிக் கணக்கு, தவணைகள் என்று நடக்க வேண்டும். பிள்ளை பிறந்த இரண்டாவது மாதமே தாய் வயலுக்குப் போய்விடுகிறாள் என்றால் அவளுக்கு அறிவு இல்லாததாலா? நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே, வேலையிடத்தில் ஐந்து சிறு குழந்தைகள் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த நிழற்பந்தலைக் கடலூர் மாவட்டத்தில் எத்தனை பேர் கண்ணால் பார்த்தீர்கள்? போட்டோ எடுக்கச் செயலி வந்தது, தொட்டில் கட்டக் கயிறு வரவில்லை.

தின்பதிலும் சாதி இருக்கிறது. 2017-இல் ஆயுஷ் அமைச்சகத்தின் கையேடு ஒன்று கர்ப்பிணிகள் கறி தின்னாமல் இருக்கச் சொன்னது. அதே தேசிய ஆய்வில் தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. முந்தைய ஆய்வில் 51 ஆக இருந்தது, கூடியிருக்கிறது. நூற்றில் 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இப்படி ரத்தம் சுண்டிய நாட்டில் கறியை விலக்கச் சொல்வது யாருடைய மருத்துவம்? பரங்கிப்பேட்டையிலும் கிள்ளையிலும் மீன் இருக்கிறது. நம் வீடுகளில் மாட்டுக்கறி இருக்கிறது. நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுத்தால் கைப்பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய மலிவான இரும்புச்சத்து அதுதான். அதைச் செயலியின் சமையல் குறிப்பில் எழுத எந்த அதிகாரிக்குக் கை வரும்?

அரசாங்கத்தின் செயலி சிக்னல் இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் அதே போனில், கம்பெனிக்காரனின் விளம்பரம் மட்டும் தடங்கலில்லாமல் வந்து சேருகிறது. இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பால்மாவு, புட்டி, டப்பா உணவு எதையும் விளம்பரம் செய்யக்கூடாது என்பது இந்தியச் சட்டம். 1992-இல் வந்தது, 2003-இல் இறுக்கப்பட்டது. பத்திரிகையிலும் டிவியிலும் அடங்கிய விளம்பரம் இப்போது ‘அம்மாவின் அனுபவம்’ என்ற வேஷத்தில் ரீல்ஸில் வருகிறது. பால்மாவுக் கம்பெனிகள் சமூக ஊடகங்கள் வழியாகக் கர்ப்பிணிகளையும் தாய்மார்களையும் எப்படித் துரத்துகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் தனி அறிக்கையே வெளியிட்டது. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ அமைப்பு, நெஸ்லேவின் செரலாக் இந்தியாவில் சர்க்கரை சேர்த்து விற்கப்படுகிறது, அந்தக் கம்பெனியின் சொந்த நாட்டில் சேர்க்காமல் விற்கப்படுகிறது என்று அம்பலப்படுத்தியது. சத்தம் எழுந்த பிறகுதான் சர்க்கரை சேர்க்காத வகைகள் இங்கேயும் வந்தன. வெள்ளைக்காரக் குழந்தைக்கு ஒரு நாக்கு, நம் குழந்தைக்கு ஒரு நாக்கா? முகத்தைச் சரிபார்க்க இத்தனை கோடி மென்பொருள் செய்தவர்களுக்கு, சட்டவிரோத விளம்பரத்தைக் கண்டுபிடிக்க ஒரு மென்பொருள் செய்யத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் போஷன் டிராக்கர் பார்ப்பதில்லை. பால்வாடி ஊர்த் தெருவில் இருக்கிறதா, சேரியில் இருக்கிறதா என்பதை. ஊர்த் தெருவில் இருந்தால் நம் பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள், யார் சமைத்ததை யார் தின்ன மறுக்கிறார்கள் என்பதை. 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக்கூடாது என்று ஆதிக்க சாதியினர் பள்ளியைப் பூட்டினார்கள். 2023-இல் கரூர் மாவட்டத்தில் காலை உணவுத் திட்டத்தில் தலித் பெண் சமைத்ததால் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தார்கள். எந்தச் செயலியிலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போகட்டும், நமக்கும் அந்தச் சொல்மேல் ஆசை இல்லை. ஆனால் சொல்லோடு சேர்த்து அந்தத் தெருவுக்குத் தனியாகக் கணக்குக் கேட்கும் வழியும் போய்விடக் கூடாது.

தொழில்நுட்பத்தைத் திருப்பிப் பிடிக்க முடியுமா? முடியும், நம் மாநிலத்திலேயே செய்திருக்கிறார்கள். ரேஷன் கடையில் இன்று என்ன சரக்கு இருக்கிறது, கடை திறந்திருக்கிறதா என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக் கேட்கலாம், பதில் வரும். பட்டன் போன் போதும். ராஜஸ்தானில் 2019 செப்டம்பரில் ‘ஜன சூச்னா’ என்ற பொது இணையதளம் திறந்தார்கள். எந்தக் கடைக்கு எவ்வளவு வந்தது, யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஊர்க்காரர் யாரும் பார்க்கலாம். அங்கே தகவல் உரிமைக்காகப் பல்லாண்டு போராடிய தொழிலாளர், விவசாயிகள் இயக்கம் பின்னால் நின்றதால் அது வந்தது. அரிசிக்கு முடிவது சத்துமாவுக்கு ஏன் முடியாது? தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இந்த மாதம் எத்தனை பாக்கெட் வந்தது, எந்தத் தேதியில் வந்தது, எத்தனை குழந்தைக்குப் போனது, எத்தனை பேருக்கு ‘முகம் பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள் என்பது அரசிடம் இப்போதே இருக்க வேண்டிய விவரம். பொதுப் பக்கத்தில் நமக்குக் காட்டுவது மாநிலம், மாவட்டம் என்று கூட்டிய தொகைகளை. தெருவாரியாகக் காட்டு என்கிறோம். பெயரும் படமும் வேண்டாம், அவை தாயின் சொந்த விஷயம். எண்ணிக்கை மட்டும் போதும்.

மாநில அரசுக்கு இதில் பொறுப்பு இல்லையென்று சொல்லிவிட முடியாது. ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தை 2022 மே மாதம் உதகையில் தொடங்கி, இரண்டாம் கட்டத்தை 2024 நவம்பரில் நம் பக்கத்து மாவட்டமான அரியலூரில் தொடங்கினார்கள். மெலிந்த கைப்பிள்ளையின் தாய்க்கு நெய், பேரீச்சை, இரும்புச்சத்து மருந்து தருகிறார்கள். தாய்க்குச் சோறு போட்டால்தான் பிள்ளைக்குப் பால் என்று புரிந்திருக்கிறது. புரிந்தவர்கள், முகம் பொருந்தாவிட்டாலும் மாவு கொடு, டீச்சர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எழுத்தில் ஓர் உத்தரவு போடட்டும். வாய்மொழியாகச் சொல்வதை நாளைக்கு எந்த அதிகாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

நாம் செய்ய வேண்டியது இதுதான். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், விருத்தாசலம், கடலூர் கல்லூரிகளில் படிக்கிற தோழர்கள் அவரவர் தெருவில் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருக்கும் வீடுகளுக்குப் போங்கள். மூன்று கேள்வி: போன மாதம் மாவு வந்ததா, எத்தனை பாக்கெட், திருப்பி அனுப்பினார்களா. யாரையும் படம் எடுக்காதீர்கள், ஆதார் எண் கேட்காதீர்கள். பால்வாடி டீச்சரிடம் மிரட்டுவதுபோல் பேசாதீர்கள், அவரை உட்கார வைத்துப் பேசுங்கள், இந்தச் செயலியால் அவர் படும் பாட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அதே கேள்விகளைத் தகவல் உரிமை மனுவாக வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு அனுப்புங்கள். அவர்கள் தரும் எண்ணையும் நீங்கள் எழுதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வருகிற கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். சேரியில் பால்வாடியே இல்லாத இடங்களில் இன்னொரு தீர்மானமும் வேண்டும். 2006 டிசம்பர் 13 உத்தரவில் உச்ச நீதிமன்றம், பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை என்றது. ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் இருக்கும் கிராமத்தாரோ குடிசைப்பகுதியினரோ கேட்டால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும் என்றும் சொன்னது. 40 குழந்தைகளின் பிறந்த தேதியோடு ஒரு பட்டியல், பெற்றோர் கையெழுத்து, கிராம சபைத் தீர்மானத்தின் நகல் மூன்றும் சேர்த்துக் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுநாளில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். மூன்று மாதக் கணக்கு அந்தச் சீட்டில் இருக்கும் தேதியிலிருந்துதான்.